வாட்ஸ்அப்பா, மீஷோவா, சொந்த வெப்சைட்டா? சேலை விற்பவர் போட வேண்டிய கணக்கு

சேலம் மாவட்டம் இளம்பிள்ளையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தறி வைத்திருக்கும் குடும்பங்களில் அடிக்கடி எழும் பேச்சு இது: "மொத்த வியாபாரிக்கே கொடுத்துக்கொண்டிருந்தால் பணம் எப்போது கைக்கு வரும் என்றே தெரியவில்லை. நாமே ஆன்லைனில் போட்டால் என்ன?" கேள்வி நியாயமானது. ஆனால் ஆன்லைனில் போடுவதற்குக் குறைந்தது நான்கு வழி இருக்கிறது. நான்கிலும் லாபம் வரும் விதம் வேறு, பணம் கரையும் விதமும் வேறு. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓடிய வழி என்பதற்காக அதிலேயே இறங்கி, ஆறு மாதத்தில் "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று மூடிவிடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் அவர்கள் சரக்கில் குறை இருக்காது. சரக்குக்குப் பொருந்தாத வழியில் போயிருப்பார்கள்.

எல்லோரும் முதலில் கேட்பது "கமிஷன் எவ்வளவு பிடிப்பார்கள்?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்று போட்டோ எடுத்துப் போட்ட சேலையை அடுத்த மாதமும் அதே நிறத்தில், அதே பார்டரில் ஐம்பது பீஸ் கொடுக்க முடியுமா? முடியும் என்றால் ஒரு வழி. டிசைனுக்கு நான்கு கலர், கலருக்கு இரண்டு பீஸ், தீர்ந்தால் தீர்ந்தது என்றால் வேறு வழி. முடிவின் பாதி இந்தப் பதிலிலேயே இருக்கிறது.

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம்

முதலீடு இல்லாமல் தொடங்க இதைவிட எளிய வழி இல்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018இல் வந்தது. அதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை. கேட்லாக்கில் 500 பொருள் வரை போடலாம், வாடிக்கையாளர்களுக்கு லேபிள் ஒட்டி 'பணம் வந்தது', 'பார்சல் போனது' என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். பணம் யுபிஐயில் உடனே வந்துவிடும். பணம் வந்த பிறகுதான் சேலை கிளம்பும். மொத்த வியாபாரியிடம் கடன் போட்டுக் காத்திருந்து பழகியவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய நிம்மதி.

இங்கே செலவாவது நேரம். ஒரு சேலை விற்பதற்குள் என்னென்ன மெசேஜ் வரும் என்று பாருங்கள். "விலை?" "வேற கலர் இருக்கா?" "முந்தி காட்டுங்க." "பிளவுஸ் ரன்னிங்கா, கான்ட்ராஸ்ட்டா?" "வெயில்ல ஒரு போட்டோ அனுப்புங்க." "கொரியர் எவ்வளவு?" பணம் போட்ட பிறகு "டிராக்கிங் நம்பர்?", அடுத்த நாள் "இன்னும் வரலையே?" இவ்வளவும் கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களும் உண்டு. ஆகவே வீட்டில் ஒருவர் நாள் முழுக்க இதற்காகவே இருக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். தறியையும் பார்த்துக்கொண்டு நடு நடுவே பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தால் இரண்டும் கெடும். நான் பார்த்த வரை, இதில் நிலைத்திருப்பவை வீட்டுப் பெண்களில் ஒருவர் முழுப் பொறுப்பாக எடுத்து நடத்தும் வியாபாரங்கள். அவருடைய உழைப்புக்கு ஒரு சம்பளம் போட்டுக் கணக்கு எழுதுவதுதான் முறை. அதை எழுதாததால்தான் வாட்ஸ்அப்பில் லாபம் அதிகம் என்று பலருக்கும் தோன்றுகிறது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது ரீசெல்லர்கள், அதாவது உங்கள் சேலையைத் தங்கள் விலையில் மறுபடி விற்பவர்கள். 650 ரூபாய்க்கு நீங்கள் கொடுக்கும் சேலையை அவர் தன் குரூப்பில் 800 என்று போடுவார். ஆர்டர் வந்தால் அனுப்புநர் முகவரியில் அவர் பெயர் போட்டு நீங்களே பார்சல் அனுப்ப வேண்டும். அந்தப் பார்சலுக்குள் உங்கள் கடைக் கார்டைப் போட்டுவிட்டால் அதோடு அந்த உறவு முடிந்தது. ரீசெல்லருக்கு ஒரு விலை, நேரடியாக வாங்குகிறவருக்கு அதைவிடக் கூடுதல் விலை என்று வைத்து, அதை மாற்றாமல் காப்பாற்றுகிறவர்களிடம்தான் ரீசெல்லர்கள் நிற்கிறார்கள். நேரடி விலையைத் தீபாவளிக்குத் திடீரென்று குறைத்தால் முதலில் கோபப்படுவது அவர்கள்தான்.

வாட்ஸ்அப்பின் எல்லைகளும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேர்தான். அதிலும் உங்கள் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் மெசேஜ் போகும். இதைத் தாண்டுவதற்காக எங்கிருந்தோ வாங்கிய 'பல்க் மெசேஜ்' மென்பொருளைப் போட்டு, நம்பரே தடைபட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள். பல வருட வாடிக்கை ஒரே நாளில் கைவிட்டுப் போகும். இன்ஸ்டாகிராமிலும் அதே ஆபத்துதான்: கணக்கை யாராவது ஹேக் செய்தால் அத்தனை பேரும் போய்விடுவார்கள். வாங்கியவர் பெயர், நம்பர், ஊர், எந்த மாதிரிச் சேலை எடுத்தார் என்பதையெல்லாம் தனியாக ஒரு எக்செல் ஷீட்டிலோ, குறைந்தபட்சம் ஒரு நோட்டிலோ எழுதி வையுங்கள். ஆன்லைன் வியாபாரத்தில் உங்களுக்கென்று சேரும் சொத்து அதுதான்.

மீஷோ, பிளிப்கார்ட், அமேசான்

பிளிப்கார்ட் 2007இல் தொடங்கியது, அமேசான் இந்தியாவுக்கு 2013இல் வந்தது, மீஷோ 2015இல். இந்த மூன்று சந்தைத் தளங்களுக்கும் பொதுவான பலம், ஆள் தேடி அலைய வேண்டாம் என்பது. கோரக்பூரில் இருக்கும் ஒருவர் இளம்பிள்ளையின் பெயர்கூடத் தெரியாமல் உங்கள் சேலையை வாங்குவார். பார்சலை வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள். பணம் மட்டும் டெலிவரி ஆன பிறகு, ஒரு சில நாள் கழித்துத்தான் வரும். மாதம் முந்நூறு நானூறு சேலை போகிறது என்றால் அந்த இடைவெளியைத் தாங்கும் அளவுக்குக் கையில் பணம் வேண்டும், நூல்காரர் காத்திருக்க மாட்டார்.

முன்னால் சொன்ன ஐம்பது பீஸ் கேள்வி இங்கேதான் வேலை செய்கிறது. சந்தைத் தளங்களில் ஒரு சேலையை லிஸ்ட் செய்ய நாலைந்து கோணத்தில் போட்டோ, நீளம், துணி வகை, பிளவுஸ் விவரம் என்று எல்லாம் ஏற்ற வேண்டும். அது விற்று, நல்ல ரேட்டிங் சேரச் சேரத்தான் தேடலில் மேலே வரும். மேலே வரும் நேரத்தில் ஸ்டாக் இல்லையென்றால் பட்ட பாடு வீண். எட்டு பீஸ் மட்டும் இருக்கும் டிசைனை அங்கே ஏற்றுவது உழைப்புக்குக் கேடு. ஒரே டிசைனில் நூறு பீஸ் ஓட்டுகிற தறிக்காரருக்கு அதே இடம் பொருத்தமானது.

கமிஷனைப் பொறுத்தவரை மீஷோ 2021இலேயே பூஜ்யம் என்று அறிவித்துவிட்டது. அமேசானும் 2025 ஏப்ரலில் 300 ரூபாய்க்குக் குறைவான ஏராளமான பொருள்களுக்கு விற்பனைக் கமிஷனை எடுத்துவிட்டது, ஆனால் சேலை பெரும்பாலும் அந்த விலைக்குள் வராது. கமிஷன் இல்லை என்றாலும் செலவு இல்லை என்று ஆகிவிடாது. அனுப்பும் கட்டணம், விளம்பரம், எல்லாவற்றையும்விட ரிட்டர்ன் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை நான் எடுத்துக்கொண்ட எண்கள், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். சேலையின் அடக்கம் 600, பேக்கிங் 15, விற்பனை விலை 900. 900இல் 5 சதவீத ஜிஎஸ்டியை எடுத்தால் 857. தளத்தின் எல்லாக் கட்டணமும் சேர்த்து 180 என்று வையுங்கள் (அதன் மேல் போடும் ஜிஎஸ்டியை நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்). மீதி 62 ரூபாய். ஐந்து அனுப்பி ஒன்று திரும்பி வந்தால்? நான்கில் 248 கிடைத்தது. திரும்பிய ஒன்றுக்குப் போக்குவரத்து 150, பேக்கிங் 15, ஆக 165 போனது. மிச்சம் 83. விற்ற சேலை ஒன்றுக்கு 21 ரூபாய்கூட இல்லை. திரும்பி வந்த சேலை மடிப்பு கலைந்து, பவுடர் கறையோடு வந்தால் அந்த 83உம் இல்லை. ஐந்தில் இரண்டு திரும்பினால் கையிலிருந்து போட வேண்டிவரும்.

அதே சேலையை வாட்ஸ்அப்பில் 850க்கு, கொரியர் தனி என்று கொடுத்தால் ஜிஎஸ்டி போக 809, அடக்கமும் பேக்கிங்கும் போக 194 நிற்கிறது. பதில் சொல்பவரின் சம்பளம் இதிலிருந்துதான் போக வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று சேலை விற்றால் அந்தச் சம்பளமே கட்டாது, பதினைந்து விற்றால் தாராளம்.

ரிட்டர்னைக் குறைப்பது உங்கள் கையிலும் இருக்கிறது. சேலையில் அதிகம் வரும் புகார் "கலர் வேற". மெஜந்தாவும் வாடாமல்லியும் போன் கேமராவில் ஒரே மாதிரி விழும். டியூப் லைட்டில் எடுக்காமல், காலை வெயில் நேரடியாகப் படாத வாசல் வெளிச்சத்தில், பில்டர் போடாமல் எடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி தெரிகிற மாதிரி வைத்தால் நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். அடுத்தது துணி. ஆர்ட் சில்க் (செயற்கைப் பட்டு) என்றால் ஆர்ட் சில்க் என்றே எழுதுங்கள். 'பட்டு' என்று போட்டால் கிளிக் கூடும்தான், ஆனால் வாங்கியவர் தொட்டுப் பார்த்த மறு நிமிடம் ரிட்டர்ன் போடுவார், ஒரு ஸ்டாரும் போடுவார். சுத்தப் பட்டுக்கு சில்க் மார்க் என்று தனி முத்திரையே இருக்கிறது. விசைத்தறி ஆர்ட் சில்க்குக்கு அதன் விலையில், அதன் பெயரில் நல்ல மரியாதை உண்டு. இளம்பிள்ளையின் பெயர் வளர்ந்ததே அதனால்தான். அதைப் பொய்ப் பெயரில் விற்கிறவர்கள் ஊர் முழுவதன் பெயரையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள்.

மீஷோவில் ஒரே பொருளுக்கு இரண்டு விலை வைக்கும் வசதி இருக்கிறது: எந்தக் காரணத்துக்கும் திருப்பலாம் என்றால் ஒரு விலை, தவறான பொருளோ பழுதோ என்றால் மட்டும் திருப்பலாம் என்றால் கொஞ்சம் குறைந்த விலை. சேலைக்கு இந்த இரண்டாவது நல்ல உதவி. அப்புறம், பார்சல் கட்டுவதை ஆர்டர் எண் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வையுங்கள். புதுச் சேலை போய்ப் பழைய சேலை திரும்பி வரும்போது, திரும்பியதைத் திறக்கும் வீடியோவும் இதுவும்தான் சாட்சி.

டிசைன் திருட்டு என்ற குறையும் உண்டு. நன்றாக ஓடும் சேலையின் போட்டோவைப் பார்த்து, வேறு ஊர் தறியில் அதே மாதிரி குறைந்த நூலில் ஓட்டி, 100 ரூபாய் குறைத்துப் போடுவார்கள். புது டிசைனை முதலில் வாட்ஸ்அப் வாடிக்கையாளர்களுக்கும் ரீசெல்லர்களுக்கும் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்துத் தளங்களில் ஏற்றுவது இதற்கு ஓரளவு பதில்.

ஜிஎஸ்டி இல்லாமல் முடியுமா?

பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் வேறு மாநிலத்துக்குச் சேலை அனுப்பினால் அந்த வரம்பு உதவாது, முதல் சேலையிலிருந்தே பதிவு வேண்டும். பெங்களூருக்கு ஒரு பார்சல் போனாலும் அது வேறு மாநிலம்தான். சந்தைத் தளங்களில் விற்க முன்பு எல்லோருக்குமே பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குள் இருப்பவர் தன் மாநிலத்துக்குள் மட்டும் விற்பதானால் பதிவு வேண்டாம், ஒரு என்ரோல்மென்ட் எண் போதும் என்று ஆக்கினார்கள். சோதித்துப் பார்க்க விரும்புகிறவருக்கு நல்ல வாசல். நாடு முழுக்க விற்பதுதான் திட்டம் என்றால் பதிவை முதலிலேயே எடுத்துவிடுங்கள். நூலுக்குக் கட்டிய வரியையும் நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்.

பதிவு உள்ளவர்களுக்குத் தளம் பணம் கொடுக்கும்போது ஜிஎஸ்டியில் 0.5 சதவீதமும், வருமான வரியில் 0.1 சதவீதமும் பிடித்துக்கொள்ளும். அது நஷ்டம் இல்லை, உங்கள் கணக்கில் வரவாக நிற்கும் பணம். கேட்டு வாங்காமல் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் சொல்கிறேன்.

சொந்த வெப்சைட்

நான்கிலும் அதிகம் ஆசைப்பட வைப்பது இது. நம் பெயர், நம் விலை, வாடிக்கையாளர் நம்பர் நம்மிடம். ஷாப்பிபை போன்றவற்றில் மாதம் ஏறக்குறைய 2,000 ரூபாயில் கடையைத் திறந்துவிடலாம். தமிழ்நாட்டு நிறுவனமான சோஹோவிலும் காமர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்கு வழக்கமாக 2 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும். 900 ரூபாய்ச் சேலைக்கு 21 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தைத் தளத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

ஆனால் நடுக்காட்டில் கடை திறந்த கதைதான், வழி தெரிந்தவர்தான் வருவார். ஆள் வரவேண்டும் என்றால் இன்ஸ்டாகிராம், பேஸ்புக் விளம்பரத்துக்குப் பணம் போட வேண்டும். புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து ஒரு சேலை விற்கும் விளம்பரச் செலவு, அந்தச் சேலையில் கிடைக்கும் லாபத்தைச் சுலபமாகத் தின்றுவிடும். அவர் இரண்டாவது, மூன்றாவது முறை வாங்கினால்தான் வெப்சைட் லாபம். ஆகவே ஏற்கனவே திரும்பத் திரும்ப வாங்குகிறவர்கள் இருக்கும் வியாபாரத்துக்குத்தான் வெப்சைட் பொருந்தும். அவர்கள் இல்லாமல், "முதலில் வெப்சைட் போட்டுவிடுவோம்" என்று ஐம்பதாயிரம், ஒரு லட்சம் கொடுத்துச் செய்து வாங்குவது மனதுக்குத் திருப்தியாக இருக்குமே தவிர, ஆர்டர் வராது. இதை அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெப்சைட் செய்துகொடுப்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

கேஷ் ஆன் டெலிவரியும் உங்கள் தலையில் விழும். வீட்டில் ஆள் இல்லை, மனம் மாறிவிட்டது என்று பார்சல் திரும்பினால் போகவும் வரவும் கொரியர் செலவு உங்களுடையது. இதற்கு இப்போது பலரும் செய்வது, 100 ரூபாயை முன்பணமாக வாங்கிக்கொண்டு மீதியை வீட்டு வாசலில் வாங்குவது. அந்த 100 ரூபாய் போடத் தயங்குகிறவர் பெரும்பாலும் பார்சலையும் வாங்காதவர்தான்.

எடையையும் கவனியுங்கள். கொரியர் கட்டணம் அரைக் கிலோ, அரைக் கிலோவாக ஏறும். பிளவுஸோடு சேர்ந்த சேலை அரைக் கிலோவைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அட்டைப்பெட்டி, பட்டர் பேப்பர், நன்றிக் கார்டு என்று அழகு சேர்த்து 520 கிராம் ஆனால் அடுத்த கட்டணம். அது போதாதென்று பெட்டியின் நீள, அகல, உயரத்தைப் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எடை அதிகமென்றால் அதற்குத்தான் பில் போடுவார்கள். 40க்கு 30க்கு 6 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 1.44 கிலோ! சேலைக்குக் கவர்தான் சிக்கனம். தமிழ்நாட்டுக்குள் போகும் பார்சலுக்கு உள்ளூர் கொரியரிலும் ஸ்பீட் போஸ்டிலும் விலை கேட்டு ஒப்பிட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

சொந்த வெப்சைட்டுக்கு 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் பொருந்தும். நிறுவனத்தின் பெயர், முகவரி, புகார் கேட்கும் அலுவலரின் பெயர் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும், புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ஓஎன்டிசி

ஓஎன்டிசி (ஓபன் நெட்வொர்க் ஃபார் டிஜிட்டல் காமர்ஸ்) மத்திய அரசின் முயற்சியில் 2021 கடைசியில் உருவானது. 2022 ஏப்ரலில் சோதனை தொடங்கிய ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. விற்பவர் ஒரு செயலியில், வாங்குபவர் வேறு செயலியில் இருந்தாலும் வியாபாரம் நடக்கும் ஏற்பாடு. எண்ணம் மிக நல்லது. ஒரே தளத்தின் பிடியில் சிறு வியாபாரி சிக்காமல் இருக்க இப்படி ஒன்று தேவை. ஆனால் சேலைக்காரர் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். மளிகை, சாப்பாடு, ஆட்டோ போன்று பக்கத்திலேயே உடனே முடியும் வியாபாரத்துக்குத்தான் இது இயல்பாகப் பொருந்துகிறது. கூடுதல் வழியாகச் சேர்த்து வைக்கலாம்.

யார் எதில் தொடங்குவது?

இரண்டு மூன்று தறி, டிசைனுக்குச் சில பீஸ், போன் பார்க்க வீட்டில் ஆள் இருக்கிறார் என்றால் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் போதும். மற்ற வழிகளை இப்போதைக்கு மறந்துவிடலாம். ஒரே டிசைனை நூற்றுக்கணக்கில் ஓட்டுகிறீர்கள், போனில் பேச ஆள் இல்லை, ஒரு மாதப் பணம் வெளியே நின்றாலும் தாங்கும் என்றால் மீஷோவிலும் பிளிப்கார்ட்டிலும் இறங்கலாம். அப்படி இறங்கும்போது ஐந்து டிசைனோடு தொடங்கி, ரிட்டர்ன் எத்தனை சதவீதம் என்று மூன்று மாதம் பார்த்துவிட்டு மேலே போங்கள். நோட்டில் பெயர்கள் ஆயிரத்தைத் தாண்டி, அவர்களில் பலர் இரண்டாம் முறை வாங்கியிருக்கிறார்கள் என்றால் அப்போது வெப்சைட் போடுங்கள். புது ஆளைத் தேடும் கடையாக நினைக்காமல், பழைய வாடிக்கையாளர் உங்களிடம் போனில் பேசாமலே எடுத்துக்கொள்ளும் இடமாக அதை வையுங்கள். வாட்ஸ்அப்பில் பதில் சொல்லும் சுமை அப்போது பாதியாகக் குறையும்.

ரீசெல்லர்களை நம்பி இருப்பவர்கள் மட்டும் சந்தைத் தளத்தில் அதே டிசைனை, அதைவிடக் குறைந்த விலையில் போடாதீர்கள். வாடிக்கையாளர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரீசெல்லருக்கு அனுப்புவார், ரீசெல்லர் அடுத்த வாரமே வேறு தறிக்காரரிடம் போய்விடுவார்.

எந்த வழியாக இருந்தாலும், வியாபாரத்துக்கென்று தனியாக ஒரு கரன்ட் அக்கவுன்ட் திறந்த பிறகு தொடங்குங்கள். யாரோ மோசடி செய்த பணத்தில் உங்களிடம் சேலை வாங்கியிருந்தால், சைபர் கிரைம் புகாரில் அந்தப் பணம் போன கணக்குகளையெல்லாம் முடக்குவார்கள். வீட்டுச் செலவும் பிள்ளைகளின் ஃபீஸும் அதே கணக்கில் இருந்தால் குடும்பமே நின்றுபோகும். பணம் வந்ததா என்பதையும் வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து முடிவு செய்யாமல், வங்கிச் செயலியைத் திறந்து பார்த்த பிறகு பார்சலில் முகவரி எழுதுங்கள். ஒவ்வொரு விற்பனைக்கும் பில் போட்டு வைத்திருந்தால், கணக்கை முடக்கினாலும் பணம் சேலைக்குத்தான் வந்தது என்று வங்கியிலும் போலீஸிலும் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.